'அஃப்ரே': அமைதிக்கு வெளியே நின்றவர்கள்



போன தவணையில் நாலாம் படிவ மாணவன் ஒருவன் இடைவேளை நேரத்தில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "டீச்சர், 'அஃப்ரே'ன்னா என்ன? தமிழ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். கிரிக்கெட் செய்தி ஏதோ பார்த்திருக்கிறான். 2017இல் பிரிஸ்டல் நகரில் ஓர் இரவு விடுதிக்கு வெளியே நடந்த அடிதடியில் இங்கிலாந்து ஆட்டக்காரர் பென் ஸ்டோக்ஸ் மீது போடப்பட்ட குற்றச்சாட்டு அந்தச் சொல்தான். மறு ஆண்டு ஆகஸ்டில் ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

நான் "சண்டை" என்றேன். "அப்போ 'ஃபைட்'டுக்கு?" என்றான். "அதுவும் சண்டைதான்." அவன் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பதினோரு வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், பட்டப்படிப்புக்குப் பிறகு ஆசிரியர் டிப்ளோமாவும் முடித்திருக்கிறேன். ஒரு பையன் கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் பதிலா? அன்றிரவு அகராதியைத் திறந்தேன். அந்தச் சொல் என்னைப் பீடோங்குக்கும் கூலிமுக்கும், 1947ஆம் ஆண்டுக்கும் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'அஃப்ரே' ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் பேச்சு லத்தீனில் 'எக்ஸ்ஃப்ரிடாரே' என்ற வினைச்சொல் இருந்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர்கள் மீட்டுருவாக்கிச் சொல்கிறார்கள். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'ஃப்ரித்' என்பது பழைய ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், பொருள் அமைதி. இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் அமைதிக்கு 'ஃப்ரீட' என்றுதான் பெயர். ஃபிரெடரிக், வில்ஃப்ரட் போன்ற பெயர்களுக்குள்ளும் இதே அமைதிதான் உட்கார்ந்திருக்கிறது. ஆக, 'அஃப்ரே' செய்வது என்றால் ஒருவரை அமைதியிலிருந்து வெளியே இழுத்துப் போடுவது.

இன்னொன்றையும் பாருங்க. ஆங்கிலத்தில் பயந்தவரைக் குறிக்கும் 'அஃப்ரெய்ட்' என்ற சொல் நம் முதலாம் படிவப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது இந்த 'அஃப்ரே'யின் இறந்தகால எச்சம்தான்! அமைதி கலைக்கப்பட்டவர், அதனால் பயந்தவர். தாய்ச்சொல் இன்று நீதிமன்றத்தோடு ஒதுங்கிவிட்டது, பிள்ளை மட்டும் உலகமெல்லாம் சுற்றுகிறது. 'அஃப்ரே'யின் தலை தேய்ந்து 'ஃப்ரே' என்றும் ஆனது. ஒரு சண்டையிலோ விவாதத்திலோ மூன்றாம் ஆள் நுழைந்தால் அவர் 'ஃப்ரே'யில் குதித்தார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரிவதற்கும் இதே எழுத்தில் 'ஃப்ரே' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அது வேறு வேர், தேய்த்தல் என்ற பொருளில் வந்தது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள், சொல்லி வைப்பது நல்லது.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இந்தச் சொல்லைத்தான் விளக்குகிறது. இரண்டு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பொது இடத்தில் சண்டை போட்டுப் பொது அமைதியைக் குலைத்தால் அது 'அஃப்ரே'. இந்த விளக்கம் இங்கே பிறந்ததல்ல. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இதே 159ஆம் எண்ணில்தான் இருந்தது. அங்கிருந்து 1870களில் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்து, பிறகு மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. நம் தாத்தா பாட்டிகள் கப்பலேறி வந்தபோது அவர்களோடு இந்தப் பிரிவும் ஏறி வந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்குத் தண்டனை சின்னதாகத்தான் இருந்தது, ஒரு மாதம்வரை சிறை அல்லது நூறு ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

பக்கத்திலேயே வேறொரு குற்றம் இருக்கிறது, அதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 141ஆம் பிரிவின்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டம் தடுக்கும் ஒரு நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வன்முறையில் இறங்கினாலும் 146ஆம் பிரிவின்படி அது 'ரயட்', அதாவது கலகம். கூட்டத்தில் இருந்த எல்லாருமே குற்றவாளிகள். வித்தியாசம் புரியுதுங்களா? 'அஃப்ரே'யில் நோக்கம் ஒன்றும் கிடையாது, இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'ரயட்'டில் நோக்கம் உண்டு. ஆனால் அந்த நோக்கம் நியாயமானதா என்ற கேள்விக்கு விளக்கத்தில் பெரிதாக இடமில்லை. ஒரு குழப்பத்தை இந்தப் பெட்டியில் போடுவதா அந்தப் பெட்டியில் போடுவதா என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

பொது அமைதி என்ற கருத்தின் பின்னாலும் ஒரு கதை உண்டு. பழைய இங்கிலாந்தில் அமைதி எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும், பிரபுவுக்கும், தேவாலயத்துக்கும் தனித்தனி அமைதி. அவரவர் எல்லைக்குள் அடித்துக்கொண்டால் அவரவருக்கு அபராதம். அரசரின் அமைதி என்பது அவற்றில் ஒன்றாக இருந்து, மெல்ல மெல்ல மற்றவற்றை விழுங்கியது. ஒரு காலத்தில் அரசர் இறந்தால் அவருடைய அமைதியும் அவரோடு முடிந்துவிடும், அடுத்த அரசர் புதிதாக அறிவிக்க வேண்டும். அமைதிக்கு உடைமையாளர் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இதைப் படித்தபோது எனக்கு நேராக ஞாபகம் வந்தது நம்ம தோட்டம்.

கெடா 1909இல்தான் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் வந்தது. அதற்கு முன் சயாமின் மேலாதிக்கம். அடுத்த ஆண்டு, 1910இல், ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தது. கெடாவில் ரப்பர் வேகமாகப் பரவிய காலத்தில் ஆள் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகள்தான். 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அது நடந்தது. தோட்டத்தில் துரை, அவருக்குக் கீழே கிராணி, அவருக்குக் கீழே மண்டோர், கடைசியில் லயத்தில் நம் ஆட்கள். லயத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டையா, அண்ணன் தம்பி தகராறா, கோயில் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற பூசலா, எல்லாம் கிராணியிடமோ துரையிடமோதான் போகும். போலீசுக்கு அங்கே வேலை அதிகமில்லை. அபராதம், திட்டு, மிஞ்சிப்போனால் சீட்டைக் கிழித்து வெளியேற்றுவது. வேலை போனால் வீடும் போச்சு. தோட்டம் தனியார் நிலம், வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல். சங்கத்துக்காரர் ஒருவர் லயத்துக்கு வந்து பேசினாலே சட்டப் பிரச்சினை ஆக்கலாம்.

அப்படியானால் தோட்டத்துக்குள் நிலவியது துரையின் அமைதி. அந்த அமைதியின் சின்னச் சின்ன விதிகள் இன்றைக்குக் கேட்டால் நம்ப முடியாது. துரை எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். இது ஏதோ வாய்வழிக் கதை இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலை நிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: துரையின் முன்னால் சைக்கிளில் ஏறியபடியே போக உரிமை வேண்டும். அதே பட்டியலில் சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, பிள்ளைகளுக்குக் கல்வி, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது ஆகியவையும் இருந்தன. அந்த மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதிகார ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்த பெயர் 'டிஸ்டர்பன்ஸ்', அமைதிக் குலைவு.

கள்ளுக்கடையை மூடு என்று தொழிலாளர்களே கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தோட்டக் கள்ளுக்கடை தானாக முளைத்ததில்லை. உரிமத்தோடு, சட்டப்படி நடந்தது. அதில் வரும் லாபம் ஒரு நிதியில் சேர்ந்து தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்று சமாதானமும் வைத்திருந்தார்கள். குடித்தால்தான் நலன் வரும்! விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, பால் சேர்த்து, ஸ்டோரில் எடை போட்டுவிட்டு வந்த மனிதனுக்குப் பிற்பகலில் திறந்திருந்த ஒரே பொழுதுபோக்கு அதுதான். சம்பள நாளன்று லயத்துப் பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நம் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டால் தெரியும். எதிர்ப்பு இங்கே மட்டும் கிளம்பவில்லை. தமிழ்நாட்டில் 1921இலேயே ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கி மலாயாவில் சுற்றிப் பேசினார். காந்தியம் ஒரு பக்கம், சுயமரியாதை இன்னொரு பக்கம், இரண்டுமே கித்தா மரங்களுக்கு நடுவில் வந்து சேர்ந்திருந்தன.

பிறகு ஜப்பானியர் காலம். கெடா தோட்டங்களிலிருந்தும் ஆட்களை சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. மறுபக்கம் 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் தோட்டத்துப் பையன்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து அணிவகுத்தார்கள். அதுவரை துரையைக் கண்டால் தலையைக் குனிந்தவர்கள் முதல் தடவையாகச் சீருடை போட்டு நிமிர்ந்து நடந்தார்கள். போர் முடிந்து அதே துரைமார் திரும்பி வந்தபோது பழைய அமைதியும் கூடவே திரும்பும் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கு.

இங்கேதான் தொண்டர் படை வருகிறது. போருக்குப் பிறகு பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் கிளம்பிய இயக்கம் இது. கெடாவின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. இளைஞர்கள் கம்பு ஏந்தி அணிவகுப்புப் பயிற்சி எடுத்தார்கள். கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வந்தவரை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கண்டித்தார்கள், தண்டித்ததும் உண்டு. இதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. குடிகாரன் என்றாலும் அவனும் நாள் முழுக்க உழைத்தவன், அவனை ஊர் நடுவில் அவமானப்படுத்துவதை என்னால் முழு மனதோடு பாராட்ட முடியவில்லை. அதே சமயம், லயத்துக்குள் நடக்கும் தகராறைத் துரையிடம் கொண்டுபோகாமல் தாங்களே தீர்க்க முடியும் என்று தோட்டத்து மக்கள் அப்போதுதான் காட்டினார்கள். துரைமாரையும் போலீசையும் உறுத்தியது கள்ளைவிட இதுதான் என்பது என் கணிப்பு. கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்கிறவர்களைப் பார்த்து அவர்கள் ஒரு தனிப் படை என்றார்கள்.

1947 பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் கள்ளுக்கு எதிராகக் கூடிய தொழிலாளர்களைப் போலீஸ் கலைத்தது. ஒரு தொழிலாளர் உயிரிழந்தார். மார்ச் முதல் வாரத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் மறுபடியும் மோதல். பெண்களும் அங்கே முன்னால் நின்றார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஏப்ரல் இறுதியில் கூலிம் மாவட்டத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கியை எடுத்தது. அங்கே இன்னொருவர் இறந்தார், சிலர் காயமடைந்தார்கள். இரண்டு மாதங்கள், மூன்று இடங்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கச் சட்டம் இறுகியது. 1949 மே மாதத்தில் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார், பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் புயலில் தொண்டர் படையும் அடங்கிப் போனது.

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். பீடோங்கில் நடந்ததற்கு எந்தப் பெயர் பொருந்தும்? 'அஃப்ரே' என்றால் இரு தரப்பும் சமமாக அடித்துக்கொண்டது போல ஆகிவிடும். கம்பும் துப்பாக்கியும் ஒரே தராசில் ஏறிவிடும். 'ரயட்' என்றால் கூடி நின்ற தாய்மார்கள்வரை எல்லாரும் குற்றவாளிகள். 'கிளாஷ்', மோதல், என்று எழுதினால் யார் யாரை மோதினார்கள் என்றே தெரியாது. நானே மேலே இரண்டு பத்திக்குள் 'மோதல்' என்று எழுதியிருக்கிறேன் பாருங்க, கை அப்படிப் பழகிவிட்டது. 'டிஸ்டர்பன்ஸ்' என்றால் அதற்கு முன் எல்லாம் நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். ஐந்து மணிப் பெரட்டும், சைக்கிளை விட்டு இறங்குவதும், சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விடுவதும் நன்றாக இருந்ததாக!

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் சுவாரசியமாகப்பட்டது. 159ஆம் பிரிவு பொது இடம் என்று கேட்கிறது. லயத்துக்குள் அடித்துக்கொண்டால் அது துரையின் வீட்டு விவகாரம். அதே ஆட்கள் தோட்டத்துக் கேட்டைத் தாண்டிப் பீடோங் கடைத்தெருவுக்கு வந்து நின்றால் பொது அமைதியின் விவகாரம். வேலி ஓரத்தில் ஒரு கோடு இருந்திருக்கிறது. அதைத் தாண்டியதும் அவர்கள் கூலிகளாக இருந்து குடிமக்களாக மாறினார்கள், ஆனால் கிடைத்தது குற்றவாளிப் பட்டம்.

தமிழில் நமக்கு இதற்கெல்லாம் சொல் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. பிணக்கு என்றால் மனம் ஒட்டாமை, கை நீள வேண்டியதில்லை. ஊடல் அன்பு உள்ளவர்களுக்குள் மட்டும் நடக்கும். திருக்குறள் முடிவதே ஊடலுவகையில்தான், சண்டையை மகிழ்ச்சியாக்கி முடித்த நூல் உலகில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. பூசல் பழைய இலக்கியத்தில் போரையும் ஆரவாரத்தையும் குறித்தது, இன்றைக்கு உட்கட்சிப் பூசலாகச் சுருங்கிவிட்டது. சச்சரவு வாயால் நடப்பது. கைகலப்பு என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள், கையும் கையும் கலக்கிறது, யார் கை முதலில் என்று சொல் சொல்லாது. அதனால் 'அஃப்ரே'க்கு மிக அருகில் நிற்பது இதுதான் என்று நினைக்கிறேன். ரகளை, அமளி எல்லாம் பேச்சில் சத்தத்தோடு வரும். கலகம், கலவரம் இரண்டும் கூட்டத்துக்கு உரியவை. வீட்டில் நாம் பிள்ளையை "காச்சாவ் பண்ணாதே" என்கிறோமே, அது மலாய்க்காரர் தந்த சீதனம்.

மறியல் என்ற சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். மறி என்றால் தடு, வழியில் நின்று நிறுத்து. மறியலில் நோக்கம் தெரிகிறது, நிற்கிறவர் தெரிகிறார், எதை மறிக்கிறார் என்பதும் தெரிகிறது. 'அஃப்ரே'யிலும் 'டிஸ்டர்பன்'ஸிலும் காணாமல் போனவையெல்லாம் இந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. இங்கிலாந்துக்காரர்களே 1986இல் பொது ஒழுங்குச் சட்டம் கொண்டுவந்தபோது தங்கள் 'அஃப்ரே'யைத் திருத்திக்கொண்டார்கள். அங்கே இப்போது பொது இடம் கட்டாயமில்லை. ஒருவரின் வன்முறை, மனவுறுதி உள்ள சாதாரண மனிதரைத் தன் பாதுகாப்புக்காக அஞ்சவைக்குமா என்பதுதான் கேள்வி. சுற்றி வந்து 'அஃப்ரெய்ட்'டிலேயே நின்றிருக்கிறார்கள். நம் சட்டத்தில் இன்னும் மெக்காலேயின் விளக்கம்தான்.

என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். 1947இல் பத்து வயதுப் பிள்ளை. அவர் அந்த ஆண்டைக் கலவரம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "தொண்டர் படை வருஷம்" என்றுதான் சொல்வார். "அந்த வருஷம் அப்பா சம்பளத்தை முழுசா வீட்டுக்குக் கொண்டாந்தாரு" என்பார். அவர் கணக்கில் அமைதி வந்த ஆண்டு அது. போலீஸ் லாரி வந்ததும் பிள்ளைகளையெல்லாம் லயத்துக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியதும் அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அதைப் பிறகுதான் சொல்வார், யாராவது கேட்டால். எனக்குக் கேட்கத் தெரிந்த வயதில் அவருக்குச் சொல்ல உடம்பு இடம் கொடுக்கவில்லை. இது என்னோட குறை, உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். உங்கள் மாணவர்களின் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒருவர் இன்னும் இருக்கலாம்.

இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொல்கிறேன். பாதிப் பிள்ளைகள் தாமான் வீடுகளில் வளர்ந்தவர்கள், ரப்பர் பாலைத் தொட்டுப் பார்த்ததில்லை. வரைபடத்தில் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் மூன்றையும் குறிக்கச் சொன்னேன். பிறகு பீடோங் நிகழ்ச்சியை நான்கு வரியில் எழுதிக் கொடுத்து, நிகழ்ச்சியின் பெயர் வர வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டேன். ஒரு குழு போலீஸ் அறிக்கை எழுதுவதாக நினைத்து நிரப்ப வேண்டும், ஒரு குழு தோட்டத்து அம்மா சொல்வதாக, ஒரு குழு ஆங்கிலப் பத்திரிகையின் நிருபராக. ஒரே நான்கு வரி, மூன்று சரித்திரம் வந்தது. போலீஸ் குழு 'கலகம்' என்று போட்டது. அம்மா குழுவில் ஒரு பெண் 'நாங்க கேட்டது' என்று எழுதியிருந்தாள். பெயர்ச்சொல்தானே கேட்டேன் என்று இலக்கணப் பிழையாகக் குறிக்கப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டேன். அதுவும் வினையாலணையும் பெயர்தானே.

முதலில் கேள்வி கேட்ட பையன் நிருபர் குழுவில் இருந்தான். அவன் 'கைகலப்பு' என்று எழுதி, அடுத்து ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான். ஏன் கேள்விக்குறி என்றேன்.

"டீச்சர், ரெண்டு பேருக்கு மேல பொது இடத்துல அடிச்சிக்கிட்டா அஃப்ரேன்னு நீங்கதானே சொன்னீங்க. பீடோங் ரோட்ல போலீசும்தானே அடிச்சாங்க. அப்போ அவங்க பேரையும் எழுதணுமா?"

159ஆம் பிரிவை மறுபடியும் படித்துப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை பள்ளியில் விளையாட்டுப் போட்டி வந்துவிட்டது. அவன் இன்னும் விடவில்லை, திடலில் பார்த்தாலும் கேட்கிறான்.